வெங்காயம் தீர்ந்ததா, வெட்டி முடிந்ததா? ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கு 'ரன் அவுட் ஆஃப்' சொல்லித் தருவது

வைகைக்கரை

ஹூஸ்டனில் வாரத்துக்கு இரண்டு மாலை, ஆபீஸ் முடிந்த பிறகு, பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வகுப்பில் இப்போது 11 பேர். மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், வெனிசுவேலா என்று ஊர் வேறு வேறு. தாய்மொழி எல்லோருக்கும் ஸ்பானிஷ். நான் நாலு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். பேச வரும், நுணுக்கம் எல்லாம் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒரு அம்மா அழாத குறையாக ஒரு விஷயம் சொன்னார். ஹோண்டுராஸ்காரர், ஒரு உணவகத்தின் சமையலறையில் காய் வெட்டும் வேலை. காலை பத்தரைக்கு வெங்காயம் தீர்ந்துவிட்டது. மேனேஜரிடம் போய், "ஐ ஃபினிஷ்டு தி ஆனியன்" என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் "குட்!" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வெங்காயம் வெட்டி முடித்தாயிற்று என்று அவர் எடுத்துக்கொண்டார். மதியக் கூட்டம் வந்த பிறகுதான் வெங்காயமே இல்லை என்று தெரிந்தது. அப்புறம் கிடைத்த திட்டெல்லாம் இந்த அம்மாவுக்கு.

அவர் மனதில் இருந்த ஸ்பானிஷ் வாக்கியம் 'செ மே அக்கபோ லா செபோயா'. அதற்கு ஆங்கிலம் 'ஐ ரேன் அவுட் ஆஃப் ஆனியன்ஸ்' என்று பலகையில் எழுதினேன். உடனே அவர் கேட்ட கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "ரேன் என்றால் ஓடினேன். அவுட் ஆஃப் என்றால் வெளியே. நான் வெங்காயத்தை விட்டு வெளியே ஓடினேனா?"

அப்படியே மனப்பாடம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது எனக்கே உறுத்துகிறது. மொழி சொல்லித் தருபவர்கள், ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்த ஒரு சொல்லை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நெல்லை ஆசிரியர்

இருபது வருடமாகப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். என் அனுபவத்தில், ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு அவுட், அப் போன்ற சின்னச் சொல் சேர்ந்து தனி அர்த்தம் தருவது) எல்லாவற்றுக்கும் சமமான ஒற்றைச் சொல் ஒன்று கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சுலபம். ஸ்பானிஷ்காரர்களுக்கு அது இன்னும் சுலபம். அவர்கள் மொழி லத்தீனிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் பாதிக்குப் பாதி லத்தீன் சொல். 'புட் அவுட்' வராவிட்டால் 'எக்ஸ்டிங்குவிஷ்' சொல்லட்டும், அவர்களிடம் 'எக்ஸ்டிங்கிர்' இருக்கிறது. 'ஃபைண்ட் அவுட்' வராவிட்டால் 'டிஸ்கவர்', அங்கே 'தெஸ்குப்ரீர்'. 'புட் அப் வித்' என்று மூன்று சொல்லை இழுப்பதற்கு 'டாலரேட்' போதுமே. ரன் அவுட்டுக்கு 'எக்ஸ்சாஸ்ட்' என்று கொடுத்துவிடுங்கள்.

மத்ரித் மணி

ஆசிரியர் ஐயா சொன்ன வழியில்தான் பெரும்பாலான ஸ்பானிஷ்காரர்கள் தாங்களாகவே போகிறார்கள். மத்ரித்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், என் அலுவலகத்தில் தினமும் கேட்பது இது. 'கம் இன்' என்று சொல்ல மாட்டார்கள், 'எண்டர்' என்பார்கள். 'புட் ஆஃப்' கிடையாது, 'போஸ்ட்போன்'. இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் ஆங்கிலேயர் காதில் அது வேறு மாதிரி விழும்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு வந்தது, வீட்டுக்கும் வயலுக்கும் பழைய ஆங்கிலம் நின்றது. அதனால் லத்தீன் வழிச் சொற்களுக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோட்டு சூட்டு வாசனை உண்டு. ஸ்பானிஷில் 'தொலெரார்', 'எந்த்ரார்' எல்லாம் அடுப்பங்கரைச் சொற்கள். அங்கே சாதாரணமாக இருப்பது இங்கே வந்ததும் விறைத்துக்கொள்கிறது. "வீட்டில் பால் தீர்ந்துபோச்சு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இல்லத்தில் பால் இருப்பு அற்றுவிட்டது" என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? 'ஐ எக்ஸ்சாஸ்டட் தி ஆனியன்ஸ்' அப்படித்தான் இருக்கும். இன்னொரு வம்பும் உண்டு: ஸ்பானிஷில் 'எக்ஸௌஸ்தோ' என்றால் களைத்துப்போனவன்.

ஃப்ரேசல் வெர்ப்பைத் தவிர்ப்பது ஸ்பானிஷ்காரர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. டாகட், லாஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இலேயே ஹீப்ரு பேசும் மாணவர்களை வைத்து இதை எழுதியிருக்கிறார்கள். தாய்மொழியில் இப்படி ஒரு வினை அமைப்பு இல்லை என்றால், அர்த்தம் தெரிந்தாலும் வாயில் வராது, ஒற்றைச் சொல் பக்கம் நழுவிவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. ஆக, ஒற்றைச் சொல் கொடுப்பது, நழுவும் பாதையை நாமே செப்பனிட்டுத் தருவது மாதிரி.

வைகைக்கரை

ஆமாம் மணி. அந்தச் சமையலறையில் யாரும் 'எக்ஸ்சாஸ்ட்' என்று சொல்லப்போவதில்லை. ஆசிரியர் ஐயா, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு உங்கள் வழி உதவும், அதை மறுக்கவில்லை. இவர்களுக்கு நாளைக்குக் காலை மேனேஜரிடம் சொல்ல வாக்கியம் வேண்டும்.

கொக்குவில் மைந்தன்

அக்கா, நான் டொராண்டோவில் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை. என்னோடு இரண்டு கொலம்பியாக்காரர் நிற்கிறார்கள். அவர்கள் கதைக்கிற ஆங்கிலம் எனக்கு நல்லா விளங்கும், மேற்பார்வையாளருக்கு விளங்காது. ஏனென்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் யோசிக்கிற மாதிரித்தான் நாங்களும் யோசிக்கிறோம்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் "பால் முடிஞ்சுது" என்றுதான் சொல்வோம். ஸ்பானிஷ் 'அக்கபார்' என்றால் அதே முடிதல்தானே. டேப் தீர்ந்தால் அவர்கள் "தி டேப் ஃபினிஷ்டு" என்பார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் சொன்னேன்.

இன்னொன்று. அவர்கள் மறந்துவிட்டால் 'செ மே ஓல்விதோ' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "எனக்கு மறந்துபோச்சு". கையிலிருந்து கிளாஸ் விழுந்தால் 'செ மே கயோ'. நான் போட்டேன் என்று இல்லை, எனக்கு விழுந்துபோச்சு. கரண்ட் போனால் 'செ ஃபுவே லா லூஸ்'. வெளிச்சம் போச்சு! இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சரியான சந்தோஷம்.

வைகைக்கரை

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி ஒரு மணி வரை தூங்கவில்லை. நாலு வருடம் ஸ்பானிஷ் படித்தும் எனக்கு இது உறைக்கவில்லை. ஆங்கிலம் வழியாகவே ஸ்பானிஷைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

'செ மே அக்கபோ லா செபோயா' என்பதில் எழுவாய் யார்? வெங்காயம். 'மே' என்றால் எனக்கு. 'எனக்கு வெங்காயம் தீர்ந்துபோச்சு.' ஆள் ஒரு ஓரமாக, நாலாம் வேற்றுமையில் நிற்கிறார். நடந்த காரியம் வெங்காயத்துக்கு நடந்தது, பாதிப்பு மட்டும் எனக்கு. மறந்துபோச்சு, விழுந்துபோச்சு, தீர்ந்துபோச்சு என்று நாம் 'போ' போட்டுச் சொல்வதை அவர்கள் 'செ' போட்டுச் சொல்கிறார்கள். இரண்டிலும் மனிதன் செய்தவன் இல்லை, நேர்ந்தவன்.

ஆங்கிலம் அந்த மனிதனைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறது. 'ஐ ஃபர்காட்.' 'ஐ டிராப்ட் இட்.' 'ஐ ரேன் அவுட்.' எல்லாவற்றுக்கும் நான், நான், நான்.

அந்த அம்மாவுக்கு இடித்தது இந்த இடம்தான் என்று இப்போது நினைக்கிறேன். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்வது என்று அவருக்கு அர்த்தம் புரியாமல் இல்லை. தீர்ந்தது வெங்காயம், பிறகு ஏன் 'நான்' முன்னால் வருகிறேன் என்பதுதான் புரியவில்லை. ஆங்கிலத்தில் 'நான்' வந்தாக வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, அக்கபாருக்குத் தெரிந்த வினையைச் சேர்த்தார். 'ஐ ஃபினிஷ்டு தி ஆனியன்' வந்துவிட்டது. அவர் நடந்த வழி ஒவ்வொரு அடியும் நியாயமானது.

மத்ரித் மணி

அப்படியானால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஸ்பானிஷிலேயே ஆளை முன்னால் நிறுத்தும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'மே கெதே சின் செபோயா'. 'கெதார்செ' என்றால் நிற்பது, மிஞ்சுவது. 'சின்' என்றால் இல்லாமல். "வெங்காயம் இல்லாமல் நின்றேன்." இங்கே எழுவாய் 'நான்'. செல்போனில் சார்ஜ் போனால் மத்ரித்தில் எல்லோரும் சொல்வது 'மே எ கெதாதோ சின் பத்தேரியா'. உங்கள் மாணவர்கள் லத்தீன் அமெரிக்காக்காரர்கள் என்பதால் 'மே கெதே' என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெட்ரோலுக்கு மட்டும் நாட்டுக்கு நாடு பெயர் மாறும். மெக்சிகோவில் கசோலினா, அர்ஜென்டினாவில் நஃப்தா, சிலியில் பென்சினா. எதுவானாலும் 'மே கெதே சின்' எல்லா ஊரிலும் செல்லும்.

ஆக இரண்டு ஜோடி.

'செ அக்கபோ லா லெச்சே' என்றால் 'தி மில்க் ரேன் அவுட்'. பால் முன்னால், 'ஆஃப்' கிடையாது.

'மே கெதே சின் லெச்சே' என்றால் 'ஐ ரேன் அவுட் ஆஃப் மில்க்'. ஆள் முன்னால். 'சின்' இருக்கும் இடத்தில் 'ஆஃப்'.

'செ மே அக்கபோ' என்பதை நேராக ஆங்கிலமாக்கப் பார்ப்பதால்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் அதை மனதுக்குள் 'மே கெதே சின்' ஆக்கச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போகட்டும். வார்த்தைக்கு வார்த்தை போகக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'ஐ ஸ்டேட் வித்தவுட் பேட்டரி' வரும். அதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

கில்லி99

நம்ம ஊர்ப் பையன்களுக்கு ரன் அவுட் என்றால் ஸ்டம்ப் தெறிப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஸ்பானிஷ்காரர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் ஓடுவதற்கும் தீர்வதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அம்மா கேட்டாரே, அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மத்ரித் மணி

நல்ல கேள்வி. தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஆறு ஓடுகிறது என்கிறோம். ஆங்கிலத்தில் 'ரன்னிங் வாட்டர்'. ஸ்பானிஷில் குழாய்த் தண்ணீருக்கு 'அகுவா கொரியெந்தே', ஓடுகிற தண்ணீர். மூன்று மொழியிலும் தண்ணீருக்குக் கால் உண்டு. பானையில் ஓட்டை, தண்ணீர் வெளியே ஓடுகிறது, ஓடி முடிந்தால் பானை காலி. 'தி வாட்டர் ரேன் அவுட்.' 'ஐ ரேன் அவுட் ஆஃப் வாட்டர்' என்னும்போது அந்தப் பானையின் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். சொல் பிறந்த வரலாறாக இதைச் சொல்லவில்லை, மனதில் நிற்க ஒரு படம்.

'வீட்டை விட்டு வெளியே ஓடினாள்' என்ற நேர் அர்த்தம் வேறு சங்கதி. 'ஷி ரேன் அவுட் ஆஃப் தி ஹவுஸ்' என்பதை ஸ்பானிஷில் 'சாலியோ கொரியெந்தோ தெ லா காசா' என்பார்கள். ஓடிக்கொண்டே வெளியேறினாள். ஆங்கிலத்தில் வினை ஓடுவதைச் சொல்கிறது, வெளியே போவதை 'அவுட்' என்ற ஒட்டுத் துண்டு சொல்கிறது. ஸ்பானிஷில் வினையே வெளியேறுவதைச் சொல்லிவிடும், ஓடியது கூடுதல் செய்தி. லியனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மொழிகளை இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டினார். குகைக்குள் மிதந்து போகும் ஒரு பாட்டில் அவருடைய உதாரணம். ஆங்கிலத்தில் பாட்டில் 'ஃப்ளோட்டட் இன்டு', ஸ்பானிஷில் 'எந்த்ரோ ஃப்ளோதாந்தோ', மிதந்தபடி நுழைந்தது. தமிழிலும் மிதந்துகொண்டே உள்ளே போனது என்றுதான் வருகிறது.

அப், அவுட், ஆஃப் என்ற குட்டித் துண்டுகள் ஸ்பானிஷ்காரர் கண்ணில் படாமல் நழுவுவது இதனால்தான். அவர்கள் மொழியில் விஷயம் எப்போதும் வினைக்குள் இருக்கும். வாலில் தேடும் பழக்கம் இல்லை.

வைகைக்கரை

வாலில் தேடும் பழக்கம் இல்லை என்பது சத்தியமான வார்த்தை. நேற்று வகுப்பில் 'வாட் டிட் வீ ரன் அவுட் ஆஃப்?' என்று கேட்கச் சொன்னேன். 11 பேரில் 9 பேர் கடைசி 'ஆஃப்' இல்லாமல் நிறுத்தினார்கள். ஸ்பானிஷில் வாக்கியம் இப்படி ஒரு துண்டில் வந்து முடியாது. "இன்னும் ஏதோ வர வேண்டும் போல் இருக்கிறது" என்றார் ஒருவர். அவர் காதுக்கு அது தொங்கிக்கொண்டே நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் நேற்றுத்தான் தெரிந்தது. 'ரேன்', 'ரன்' இரண்டையும் அவர்கள் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஸ்பானிஷில் உயிரொலி மொத்தம் ஐந்துதான், இரண்டும் ஒரே 'ஆ'வில் போய் விழுகின்றன. 'வீ ரேன் அவுட்' என்பதும் 'வீ ரன் அவுட்' என்பதும் ஒன்றாகக் கேட்டால், நேற்றுத் தீர்ந்ததா, தினமும் தீர்கிறதா என்று தெரியாது. என்ன செய்தேன் என்றால், வாயை அகலமாகத் திறந்து, தாடை கீழே இறங்கும்படி 'ரேன்'. தாடையை அசைக்காமல், சோம்பலாக 'ரன்'. ஒரு விரலைத் தாடையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரேனுக்கு விரல் இறங்க வேண்டும், ரன்னுக்கு இறங்கக்கூடாது. இருபது நிமிடம் எல்லோரும் தாடையில் விரலோடு உட்கார்ந்திருந்தோம். ஆறு பேருக்கு வந்துவிட்டது.

அப்புறம் அமெரிக்கர்கள் வேகத்தில் 'ரேனௌடவ்' என்று ஒரே மூச்சாகச் சொல்கிறார்கள். நடுவில் உள்ள 'ட்' நாக்கை லேசாகத் தட்டிவிட்டுப் போகும் ஒலி. அது ஸ்பானிஷின் ஒற்றை 'ர'வுக்கு ரொம்பக் கிட்டே. 'காரா', 'பேரோ' என்று சொல்லும்போது வரும் அந்த 'ர'வைப் போடச் சொன்னேன். சட்டென்று வந்தது.

மீனம்பாக்கம் ஓய்வு

இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எடுத்திருக்கும் இந்தச் சொல்லும் ஸ்பானிஷும் சேர்ந்த ஒரு விபத்து எங்கள் பயிற்சியில் பாடமாக வரும். சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1990 ஜனவரி 25. அவியாங்கா 52, கொலம்பியா விமானம், போயிங் 707. பொகோட்டாவில் கிளம்பி மெடெயின் வழியாக நியூயார்க் ஜே.எஃப்.கே. போக வேண்டும். அங்கே வானிலை மோசம், நெரிசல். மூன்று இடங்களில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடிக்க வைத்தார்கள். கடைசியில் இறங்க முயன்று, முடியாமல், மறுபடி மேலே ஏறினார்கள். அப்போது கேப்டன் துணை விமானியிடம் ஸ்பானிஷில், எமர்ஜென்சி என்று சொல் என்கிறார். துணை விமானி கட்டுப்பாட்டாளரின் உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் வாலில் சேர்த்துச் சொன்னது: 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூல்'. எமர்ஜென்சி என்ற சொல் ஆங்கிலத்தில் கட்டுப்பாட்டாளர் காதுக்குப் போகவே இல்லை. விமானத்தை மறுபடி சுற்றி வர அனுப்பினார்கள். எரிபொருள் தீர்ந்து, லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் மலைச்சரிவில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்துபோனார்கள்.

நாற்காலியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 'ரன்னிங் அவுட்' என்றால் தீர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு இருந்தாலும் அதே சொல், முக்கால் மணிக்கு இருந்தாலும் அதே சொல். நெரிசலான மாலையில் அதைக் கேட்கும் கட்டுப்பாட்டாளருக்கு எவ்வளவு மிச்சம் என்று அதிலிருந்து தெரியாது. சொன்னவருக்கு அது உயிர்போகும் செய்தி. கேட்டவருக்கு வாலில் வந்த ஒரு தகவல்.

அமெரிக்க விசாரணையில், எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததும் அவசர நிலையைத் தெரிவிக்காததும் விமானிகளின் தவறு என்று சொன்னார்கள். கூடவே, எரிபொருள் குறைவைச் சொல்ல இரு தரப்பும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் நிலையான சொற்கள் இல்லாததும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். இன்றைக்கு 'மினிமம் ஃப்யூல்' என்றால் ஒரு அர்த்தம், 'மேடே ஃப்யூல்' என்றால் ஒரு அர்த்தம். இரண்டும் வரையறுத்தவை. 'ரன்னிங் அவுட்' அந்தப் பட்டியலில் இல்லை.

அம்மா, உங்கள் மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் 'ரன்னிங் அவுட்' என்று சொன்னால் கூடவே ஒரு எண்ணைச் சொல்லப் பழக்குங்கள்.

வைகைக்கரை

ஐயா, இரண்டு தடவை படித்தேன். இதை எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நான் இதுவரை 'ரேன் அவுட்', 'ரன்னிங் அவுட்' இரண்டையும் கால வேறுபாடு என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன். 'செ நோஸ் அக்கபோ' என்றால் தீர்ந்துவிட்டது. 'செ நோஸ் எஸ்தா அக்கபாந்தோ' என்றால் தீர்ந்துகொண்டிருக்கிறது. இலக்கணம் அத்தோடு சரி. ஆனால் சமையலறையிலும் 'ரன்னிங் அவுட்' என்றால் மேனேஜருக்கு எவ்வளவு அவசரம் என்று தெரியாதே. எண் சேர்ப்பது நல்ல வழி. 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஆனியன்ஸ், டூ லெஃப்ட்.'

கில்லி99

சிகாகோவில் இரண்டு வருடம் ஹோட்டல் கிச்சனில் நின்றிருக்கிறேன். அங்கே ஒரு ஐட்டம் தீர்ந்துவிட்டால் 'எய்ட்டி சிக்ஸ்' என்று கத்துவார்கள். அதாவது 86. 'எய்ட்டி சிக்ஸ் சால்மன்' என்றால் சால்மன் இனி ஆர்டர் எடுக்காதே. அமெரிக்க உணவகங்களில் பரவலாக உண்டு. வெங்காயம் இல்லை என்று சாதாரணமாகச் சொல்ல 'வீ ஆர் அவுட் ஆஃப் ஆனியன்ஸ்'. ஓடுவதே கிடையாது. அந்த அம்மாவுக்கு 'ரன்' கஷ்டம் என்றால் முதலில் இதைக் கொடுங்கள். தாடையில் விரல் வைக்கவும் வேண்டாம்.

வைகைக்கரை

ஆமாம், அது சட்டென்று உதவும். ஸ்பானிஷில் 'யா நோ ஆய் செபோயா', இப்போது வெங்காயம் இல்லை. தீர்ந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டு, இல்லாத நிலையை மட்டும் சொல்வது. இரண்டையும் கொடுக்கிறேன். 'ரன்' வேண்டாம் என்று விட முடியாது, மற்றவர்கள் சொல்லும்போது புரிய வேண்டுமே.

கொக்குவில் மைந்தன்

அக்கா, ஒரு சந்தேகம். என்னோடு நிற்கிற கொலம்பியாப் பெடியன் "ஐ ரன் அவுட் ஆஃப் மை வொர்க் பெர்மிட் இன் ஜூன்" என்கிறான். மனிதவளப் பிரிவில் அவர்களுக்கு விளங்கவில்லை. இது சரியா?

மத்ரித் மணி

நல்ல இடம். கெடு உள்ள தாள்களுக்கு ஆள் முன்னால் வராது. 'மை பெர்மிட் ரன்ஸ் அவுட் இன் ஜூன்.' பெர்மிட்தான் எழுவாய். ஆள் முன்னால் வருவது கையிருப்பு தீரும்போது: பால், பணம், பொறுமை, நேரம். பெர்மிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிப்பதில்லையே.

அவர் ஸ்பானிஷில் 'செ மே வென்சே எல் பெர்மீசோ' என்று யோசித்திருப்பார். மறுபடி அதே 'செ மே'. "ஆளை முன்னால் கொண்டு வா" என்று கற்றுக்கொண்டதை எல்லா இடத்திலும் போடுகிறார். இதற்கு ஸ்பானிஷ் அமைப்பே போதும், 'மே'யை மட்டும் எடுத்துவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும். 'எக்ஸ்பயர்ஸ்' என்றும் சொல்லலாம். இங்கே மட்டும் ஆசிரியர் ஐயாவின் லத்தீன் வழி நன்றாகவே வேலை செய்யும், அலுவலகத்தில் அது விறைப்பாகத் தெரியாது.

நெல்லை ஆசிரியர்

மகிழ்ச்சி. நான் சொன்னதை முழுக்கத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் மாணவர் எந்த அறையில் நின்று பேசப்போகிறார் என்று கேட்காமலே பதில் சொல்லிவிட்டேன் என்பது புரிகிறது. மறந்துபோச்சு, தீர்ந்துபோச்சு என்ற ஒப்புமையை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் திங்கட்கிழமை எடுத்துப் பார்க்கப்போகிறேன். அவர்களும் "மில்க் ஈஸ் ஃபினிஷ்டு" ஆட்கள்தான்.

அக்கபாரைப் பற்றி ஒரு கேள்வி. 2023-இல் ஸ்பெயின் மகளிர் கால்பந்து அணி உலகக் கோப்பை வென்ற பிறகு 'செ அக்கபோ' என்று ஒரு முழக்கம் எங்கும் ஓடியதே. அதுவும் இதே சொல்லா?

மத்ரித் மணி

அதே சொல்தான். வீராங்கனை அலெக்சியா புத்தேயாஸ் எழுதியதிலிருந்து பரவியது. ஆனால் அங்கே 'மே' இல்லை, தீர்ந்த பொருளும் இல்லை. "இதோடு முடிந்தது, இனி பொறுக்க மாட்டோம்." ஆங்கிலத்தில் அதை 'இட் ரேன் அவுட்' என்றால் கேலியாகிவிடும். 'இட்ஸ் ஓவர்' அல்லது 'எனஃப்'. பொறுமை என்ற சொல்லைச் சேர்த்தால் மட்டும் நம் வழிக்கு வரும். 'செ மே அக்கபோ லா பசியென்சியா', 'ஐவ் ரன் அவுட் ஆஃப் பேஷன்ஸ்'.

வைகைக்கரை

நேற்று வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன்.

பலகையை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் 'செ அக்கபோ', வலப்பக்கம் 'மே கெதே சின்'. ஆங்கிலம் ஒரு சொல்கூட எழுதவில்லை. கசோலினா (பெட்ரோல்), சால்தோ (செல்போன் பாலன்ஸ்), பசியென்சியா (பொறுமை), தியெம்போ (நேரம்) என்று ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையில் தீர்ந்ததைச் சொல்லச் சொன்னேன். முதலில் 'செ மே அக்கபோ' வைத்து, பிறகு அதையே 'மே கெதே சின்' ஆக்கி. பத்து நிமிடம் ஸ்பானிஷ் வகுப்பு மாதிரி நடந்தது. அப்புறம்தான் வலப்பக்கத்துக்குக் கீழே 'ஐ ரேன் அவுட் ஆஃப்' என்று எழுதினேன். அந்த ஹோண்டுராஸ் அம்மா எழுந்து வந்து, 'சின்' மேல் விரலை வைத்து, அங்கிருந்து 'ஆஃப்' வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். நான் சொல்லவே இல்லை.

தமிழில் நாங்கள் எப்படிச் சொல்வோம் என்றும் சொன்னேன். "எனக்கு மறந்துபோச்சு" என்று எழுதி, எது 'மே', எது 'ஓல்விதோ' என்று காட்டினேன். வெனிசுவேலாக்காரர் ஒருவர், "அப்படியானால் நீங்களும் கஷ்டப்பட்டுத்தான் இதைக் கற்றீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் தப்பாகச் சொல்லக் கூச்சப்படவில்லை.

அவியாங்கா பற்றி விவரமாகச் சொல்லவில்லை. எண் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்.

இன்று காலை 10.50-க்கு அந்த அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. பின்னால் பாத்திரச் சத்தம், குரலில் அவசரம். "டீச்சர், ஐ சே டு ஹிம், வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் சிலான்ட்ரோ, ஒன் பாக்ஸ் லெஃப்ட்." சிலான்ட்ரோ என்றால் கொத்தமல்லி. 'சே' என்பது 'செட்' ஆக இருக்க வேண்டும், அது அடுத்த வாரத்துக்கு.

மீனம்பாக்கம் ஓய்வு

மேனேஜர் என்ன சொன்னார்?

வைகைக்கரை

ஒன்றும் சொல்லவில்லையாம் ஐயா. கார் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாராம்.